மணிக்கட்டு முறிந்தால் விரல்களைக் கவனியுங்கள்

வழுக்கி விழும்போது எல்லோரும் கையைத்தான் ஊன்றுகிறோம். குளியலறை ஈரம், பாசி படிந்த வாசல்படி, வேகத்தடையில் சரிந்த பைக் என்று காரணம் எதுவானாலும் உள்ளங்கை தரையில் அறைய, உடம்பின் பாரம் மணிக்கட்டில் இறங்குகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு மெலிந்திருப்பதால் பெரும்பாலும் ரேடியஸ் அங்கேயே உடைந்துவிடும். முன்கையில் கட்டை விரல் பக்கம் வரும் எலும்புதான் ரேடியஸ். சுண்டு விரல் பக்கம் வருவது அல்னா. மணிக்கட்டில் இறங்கும் பாரத்தில் சுமார் ஐந்தில் நான்கு பங்கை ரேடியஸ்தான் தாங்குகிறது, அதனால்தான் முதலில் அது உடைகிறது. உடைந்த கையைப் பக்கவாட்டில் பார்த்தால் முள்கரண்டியைக் கவிழ்த்து வைத்தது போல வளைந்திருக்கும். டப்ளின் மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் 1814-ல் இதை விவரித்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895-ல்தான். அவர் கையைப் பார்த்தும் தொட்டும் சொன்னது இன்றும் அப்படியே பொருந்துகிறது.

எலும்பு ஐந்தாறு வாரத்தில் ஒட்டிவிடும். கட்டைப் பிரித்ததும் பிசியோதெரபிக்கு வருகிறவர்கள் சொல்லும் குறையோ வேறு. "விரல் மடங்க மாட்டேங்குது, சோறு பிசைய முடியல." "கையைத் தூக்கித் தலை வார முடியல." உடைந்தது மணிக்கட்டு, இறுகியது அடிபடாத விரலும் தோளும். முறிவைத் தடுக்க நம்மால் முடியாமல் போயிருக்கலாம். ஆனால் இந்த இறுக்கத்தில் பெரும்பகுதியைத் தடுக்க முடியும். அதற்கான வேலை கட்டுப் பிரித்த பிறகு அல்ல, கட்டுப் போட்ட அன்றே தொடங்குகிறது.

மோதிரம் முதலில்

விழுந்த கையில் உள்ள மோதிரம், வளையல், காப்பு, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன்பே கழற்றிவிட வேண்டும். வலி மணிக்கட்டில்தானே, விரலில் ஒன்றும் இல்லையே என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டு மணி நேரத்தில் வீக்கம் விரலுக்கு இறங்கி, மோதிரம் சதைக்குள் புதைந்துவிடும்.

வரவில்லை என்றால் கையைத் தலைக்கு மேல் ஐந்து நிமிடம் தூக்கிப் பிடித்து, சோப்பு நுரை தடவி, சுழற்றிச் சுழற்றி இழுங்கள். அதற்கும் அசையவில்லையா? நீளமான தையல் நூலை எடுத்து, அதன் ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில் உள்ளங்கைப் பக்கமாக நுழைத்துக்கொள்ளுங்கள். மறுமுனையை மோதிரத்தை ஒட்டித் தொடங்கி, விரல் நுனியை நோக்கி, நடு மூட்டைத் தாண்டும்வரை இடைவெளி இல்லாமல் இறுக்கிச் சுற்றுங்கள். பிறகு உள்ளங்கைப் பக்கத்து முனையைப் பிடித்து, நுனியை நோக்கிச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தால் மோதிரம் நூலோடு நகர்ந்து வரும். விரலிலேயே முறிவோ காயமோ இருந்தால் இதைச் செய்யக் கூடாது. விரல் நீலம் பாரித்தால் மோதிரத்தை வெட்டிவிட வேண்டியதுதான். தங்கத்தைத் தட்டானிடம் கொடுத்து ஒட்டவைத்துக்கொள்ளலாம்.

விரல் ஏன் நேராகவே நின்றுவிடுகிறது

விரலில் மூன்று மூட்டுகள். விரல் உள்ளங்கையோடு சேரும் முட்டி அடிமூட்டு, அதற்கு மேல் நடு மூட்டு, நகத்தருகே நுனி மூட்டு. மூன்றும் சேர்ந்தே மடங்குவதால் ஒரே மாதிரி என்று நினைக்கிறோம். இறுகும் விதத்தில் அடிமூட்டும் நடு மூட்டும் நேர் எதிர்.

இதைக் கையிலேயே பார்த்துக்கொள்ளலாம். விரல்களை நேராக நீட்டி விசிறி போல விரியுங்கள், நன்றாக விரியும். இப்போது அடிமூட்டுகளை 90 டிகிரி மடக்கி வைத்துக்கொண்டு விரிக்கப் பாருங்கள். அசையாது. அடிமூட்டின் எலும்புத் தலை முழு உருண்டை அல்ல, உள்ளங்கைப் பக்கம் புடைத்த வடிவம். விரல் நேராக இருக்கையில் இருபக்கத்து ஜவ்வுகளும் தளர்ந்து கிடக்கும். மடங்கும்போது அந்தப் புடைப்பின் மேல் ஏறி விறைத்துக்கொள்ளும். தளர்ந்த நிலையிலேயே ஜவ்வு மூன்று நான்கு வாரம் கிடந்தால் அந்த அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு மடக்க முயன்றால் புடைப்பின் மேல் ஏற நீளம் போதாது. அடிமூட்டு நேராகவே நின்றுவிடும்.

நடு மூட்டின் கதை வேறு. அதன் உள்ளங்கைப் பக்கத்தில் தட்டையான கெட்டி ஜவ்வு ஒன்று உண்டு. விரல் மடங்கிக் கிடந்தால் அது சுருங்கும், அப்புறம் விரல் நிமிராது.

வீங்கிய கை தானாக எடுத்துக்கொள்ளும் நிலையோ இரண்டுக்குமே கெடுதலானது. புறங்கைத் தோல் தளர்வானது, உள்ளங்கைத் தோல் உள்ளே இறுக்கமாகப் பிணைக்கப்பட்டது. அதனால் நீர் புறங்கையில்தான் தேங்குகிறது. அங்கே தோல் உப்பி விறைக்கும்போது அடிமூட்டை நேராக இழுத்துப் பிடிக்கிறது, மற்ற இரண்டு மூட்டும் பாதி மடங்கித் தொங்குகின்றன. இந்த நீர் வெறும் தண்ணீர் அல்ல, புரதம் நிறைந்தது. நாட்கள் போகப்போக வஜ்ரம் உலர்வது போல மூட்டைச் சுற்றிலும் தசைநாண்களைச் சுற்றிலும் ஒட்டிக்கொள்கிறது. தசைநாணையும் நாம் வீட்டில் நரம்பு என்றே சொல்கிறோம். நரம்பு உணர்ச்சிக்கும் கட்டளைக்கும். விரலை இழுக்கும் கயிறுதான் தசைநாண், அதை இழுக்கும் சதை பெரும்பாலும் முன்கையில் இருக்கிறது. கயிறு தன் உறைக்குள் வழுக்கிப் போனால்தான் விரல் மடங்கும்.

கையை அசையாமல் கட்டியே ஆக வேண்டும் என்றால் பாதுகாப்பான நிலை இது: மணிக்கட்டு 20 முதல் 30 டிகிரி பின்னோக்கி, அடிமூட்டு 70 முதல் 90 டிகிரி மடங்கி, மற்ற இரு மூட்டுகளும் நேராக. தட்டைக் கீழிருந்து தாங்கும் கையைப் போல இருக்கும். அடிமூட்டை மடக்கி மற்ற இரண்டையும் நிமிர்த்தி வைக்கும் வேலையைச் செய்வது உள்ளங்கைக்குள் இருக்கும் சிறு தசைகள். தொழுநோயில் அவற்றுக்குப் போகும் நரம்பு செத்துவிட்டால் கை இதற்கு நேர் எதிராக, பருந்தின் நகம் போல வளைந்துவிடும். கொல்லிமலையில் 1914-ல் பிறந்த பால் பிராண்ட் வேலூரில் தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தி மீட்டுக் கொடுத்தது இந்த ஓர் அசைவைத்தான். அது திரும்பியதும் பாத்திரம் பிடிக்க முடிந்தது, சாப்பிட முடிந்தது. ஒரு மூட்டின் கோணம் ஒருவருடைய பிழைப்பையே தீர்மானிக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

கட்டுப் போட்டதும் பார்க்க வேண்டியவை

மாவுக்கட்டு உள்ளங்கையில் எங்கே முடிகிறது என்று பாருங்கள். உள்ளங்கையின் குறுக்கே, விரல்களுக்குக் கீழே ஓடும் மேல் ரேகை வெளியே தெரிய வேண்டும். அடிமூட்டு மடங்குவது அந்த ரேகையில்தான். விரல் தொடங்கும் இடத்தில் அல்ல. கட்டு ரேகையைத் தாண்டி ஒரு விரற்கடை ஏறியிருந்தாலும் அடிமூட்டு பாதிக்கு மேல் மடங்காது. பார்ப்பதற்கு விரல்கள் வெளியே இருப்பதால் எல்லாம் சரி என்றே தோன்றும். ஆறு வாரம் கழித்துத்தான் வினை தெரியும். கட்டை விரல் சுண்டு விரல் நுனியைத் தொடுகிறதா என்றும் பாருங்கள். இரண்டில் எது முடியாவிட்டாலும் அன்றைக்கே கேட்டு வெட்டிச் சரிசெய்யச் சொல்லலாம். அதற்குத் தயங்க வேண்டாம், ஐந்து நிமிட வேலை. வேறு ஏதாவது முறிவுக்காக வேண்டுமென்றே விரல்வரை கட்டியிருந்தால் அதை மருத்துவரே சொல்லிவிடுவார்.

அடுத்தது ஸ்லிங். கழுத்தில் தொங்கும் துணியில் கை முழங்கையைவிடத் தாழ்ந்து கிடப்பதைத்தான் அதிகம் பார்க்கிறோம். முடிச்சைச் சுருக்கி, விரல் நுனி எதிர்த் தோளை நோக்கி இருக்கும்படி கட்டினால் நீர் கீழே தேங்காது. முதல் நான்கைந்து நாள் உட்கார்ந்திருக்கும்போதும் படுத்திருக்கும்போதும் இரண்டு தலையணை அடுக்கி, கை நெஞ்சைவிட உயரமாக இருக்கட்டும்.

அப்புறம் ஆபத்தின் அறிகுறிகள். மாத்திரைக்கு அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போவது, மற்றவர் விரலை மெல்ல நிமிர்த்தினாலே முன்கையில் உயிர் போகும் வலி, விரல் மரத்துப்போவது, வெளுப்பது, சில்லிடுவது. இதில் ஏதாவது தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உள்ளே அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நிற்கிறது என்று பொருள். ஆறு மணி நேரத்துக்குள் தசை செத்துப்போகத் தொடங்கலாம். செத்த தசை நார் போலச் சுருங்கி மணிக்கட்டையும் விரல்களையும் நிரந்தரமாக மடக்கிவிடும். ஜெர்மன் மருத்துவர் ஃபோல்க்மன் 1881-ல் இதை இறுக்கிக் கட்டிய கட்டின் விளைவாக எழுதினார். மூங்கில் சிம்பு வைத்து இறுக்கும் நாட்டுக்கட்டானாலும் மாவுக்கட்டானாலும் விதி ஒன்றே: வீங்கும் கையைச் சுற்றிக் கெட்டியான கூடு இருந்தால், முதல் 48 மணி நேரம் விரல் நுனியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நகத்தை அழுத்தி விட்டால் வெண்மை மாறி இரண்டு விநாடிக்குள் சிவப்புத் திரும்ப வேண்டும்.

கட்டோடு செய்யும் பயிற்சி

விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு முறை, ஒவ்வொன்றும் பத்துத் தடவை, ஒவ்வொரு நிலையிலும் ஐந்து விநாடி நிறுத்தி.

முதலில் விரல்களை நன்றாக நீட்டுங்கள். அடுத்து அடிமூட்டை மட்டும் மடக்கி விரல்களை நேராக வைத்தால் மேசை போல நிற்கும். அடிமூட்டை நேராக வைத்து மற்ற இரண்டையும் மடக்கினால் கொக்கி. பிறகு முழு முஷ்டி. நீட்டிய விரல்களை விசிறி போல விரித்துச் சேருங்கள். கடைசியாக, பெரியவர்கள் கட்டை விரலால் கணு எண்ணுவார்களே, அதேதான். ஆள்காட்டி விரலில் தொடங்கிச் சுண்டு விரல்வரை பன்னிரண்டு கணுவையும் கட்டை விரலால் தொட்டு எண்ணுங்கள். கட்டை விரலின் அடியில் இருப்பது குதிரைச் சேணம் போன்ற மூட்டு. இரு திசையிலும் வளைவதால்தான் கட்டை விரல் மற்ற விரல்களுக்கு எதிரே வந்து நிற்கிறது. கணு எண்ணுவதில் அதன் முழு வீச்சும் கிடைத்துவிடுகிறது.

மேசை நிலையையும் கொக்கி நிலையையும் பலர் விட்டுவிட்டு முஷ்டியை மட்டும் செய்கிறார்கள். இரண்டையும் விடாதீர்கள். மேசை நிலை அடிமூட்டின் ஜவ்வைக் காக்கிறது. கொக்கி நிலையில் விரலுக்குப் போகும் இரண்டு தசைநாண்களும் ஒன்றையொன்று உரசி அதிக தூரம் வழுக்குகின்றன. அவை ஒட்டிக்கொள்ளாமல் இருப்பது அதனால்தான்.

ஸ்பான்ஞ் பந்து இப்போது வேண்டாம். யாராவது ஒருவர் கட்டாயம் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். பந்து உள்ளங்கையை அடைத்துக்கொள்வதால் விரல் பாதிதான் மடங்கும். நமக்கு முதலில் தேவை முழு மடக்கம், பலம் அப்புறம்.

ஸ்லிங்கில் கிடக்கும் தோளையும் மறந்துவிடக் கூடாது. தோள் மூட்டு, சின்னத் தட்டில் எலுமிச்சம்பழத்தை வைத்தது போன்றது. குழி ஆழமில்லை, சுற்றியுள்ள நான்கு தசைகள்தான் பந்தை இடத்தில் பிடித்து வைக்கின்றன. அசைவு அதிகம், இறுகும் ஆபத்தும் அதிகம். சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னும் அதிகம். கையைத் தலைக்கு மேல் தூக்கும் 180 டிகிரியில் சுமார் 120 இந்த மூட்டில் வருகிறது, மீதி 60 தோள்பட்டை எலும்பு முதுகில் சுழல்வதால் வருகிறது. அதனால் உள்மூட்டு இறுகினாலும் தோளைக் குலுக்கிக் கொஞ்சம் தூக்கிவிட முடியும். அது ஏமாற்று. சரியான சோதனை வெளிச்சுழற்சி: முழங்கையை விலாவில் ஒட்டி, 90 டிகிரி மடக்கி, முன்கையைக் கதவு திறப்பது போல வெளியே திருப்புங்கள். இறுகும் தோளில் முதலில் குறைவது இந்த அசைவுதான். ஒரு நாளைக்கு நான்கைந்து முறை ஸ்லிங்கைக் கழற்றி, கையை முழுக்க மேலே தூக்கி, வெளியே சுழற்றி, முழங்கையையும் பத்துத் தடவை மடக்கி நீட்டுங்கள்.

முழங்கை பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். முழங்கையிலேயே அடிபட்டிருந்தால் எண்ணெய் போட்டு உருவுவதும் பிடித்து இழுத்து நீட்டுவதும் கூடவே கூடாது. கிழிந்து ரத்தம் கட்டிய தசையைத் திரும்பத் திரும்பக் கசக்கினால் அதற்குள் புது எலும்பு முளைத்து மூட்டைப் பூட்டிவிடலாம். உடம்பின் வேறு மூட்டுகளைவிட முழங்கையில் இந்த ஆபத்து அதிகம். அங்கே அவரவர் தம் பலத்தில் அசைப்பது மட்டுமே மருந்து. முழுக்க நீட்டிய கையை 0 என்று கொண்டால், வீட்டு வேலைக்குப் போதுமான மடக்கம் 30 டிகிரியிலிருந்து 130 டிகிரிவரை. அது வந்துவிட்டால் சட்டை போடலாம், வாய்க்குச் சோறு போகும். கடைசிச் சில டிகிரிக்காக மூட்டைப் பலவந்தப்படுத்தாதீர்கள்.

கட்டுப் பிரித்த பிறகு

தோல் செதில் செதிலாக உரியும், முடி அடர்ந்திருக்கும், முன்கை சூம்பியிருக்கும். எல்லாம் சரியாகிவிடும். பயிற்சிக்கு முன் பத்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் கையை அமிழ்த்தி, நீருக்குள்ளேயே விரல்களை அசையுங்கள். தேங்காய் எண்ணெயை விரல் நுனியிலிருந்து முழங்கையை நோக்கி மெல்லத் தடவலாம். அது தோலுக்கும் வீக்கத்துக்கும் நல்லது.

மணிக்கட்டில் முதலில் மீட்க வேண்டியது பின்னோக்கி வளைவது. கையை மணிக்கட்டிலிருந்து கீழே தொங்கவிட்டு முஷ்டி பிடித்துப் பாருங்கள், இறுகாது. மணிக்கட்டை லேசாகப் பின்னுக்குத் தூக்கிப் பிடித்தால் தானாக இறுகும். விரலின் பலம் மணிக்கட்டின் கோணத்தில் இருக்கிறது. நெஞ்சருகே வணக்கம் வைத்து, உள்ளங்கைகள் பிரியாமல் மெல்லக் கீழே இறக்குங்கள். இழுக்கும் இடத்தில் 20 விநாடி நிறுத்தி, ஐந்து தடவை. பிறகு புறங்கைகளை ஒட்டி விரல்கள் கீழே பார்க்க அதே போல. இடது கை முறிந்தவர்கள் இந்த இரண்டாவதை அலட்சியம் செய்யக் கூடாது. கழிப்பறையில் கழுவுவதற்கு மணிக்கட்டு மடங்கியே ஆக வேண்டும். வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள், ஆனால் அவர்களை மிகவும் வருத்துவது அதுதான். இரு பக்கமும் 40 டிகிரி வந்துவிட்டால் அன்றாட வேலைகள் பெரும்பாலும் நடந்துவிடும்.

மிகத் தாமதமாகத் திரும்புவது உள்ளங்கையை வானம் பார்க்கத் திருப்புவது, கோயிலில் திருநீறு வாங்கும் நிலை. அல்னா நிற்க, ரேடியஸ் அதைச் சுற்றிச் சுழல்வதால் நடக்கும் அசைவு இது. முறிவு ரேடியஸில் என்பதால் அதிகம் கெடுகிறது. திரும்பாதபோது உடம்பைச் சாய்த்து, முழங்கையை விலாவுக்குள் தள்ளி ஈடுகட்டிவிடுகிறோம். விலாவுக்கும் முழங்கைக்கும் நடுவே மடித்த துண்டு ஒன்றை வைத்து, அது விழாமல் திருப்புங்கள். கையில் தோசைக்கரண்டியைப் பிடித்துக்கொண்டால் அதன் பாரமே கையைத் திருப்பிக் கொடுக்கும். காம்பை நீளமாக விட்டுப் பிடித்தால் இழுவை கூடும்.

அளவு தெரிவது எப்படி? பயிற்சியின்போது வரும் வலி ஒரு மணி நேரத்துக்குள் அடங்கினால் சரி. மறுநாள் காலை விரல்கள் முந்தைய நாளைவிடத் தடித்திருந்தால் அதிகமாகிவிட்டது, பாதியாகக் குறையுங்கள். எரிச்சலோடு தாளாத வலி, தோல் மினுமினுப்பு, ஒரு கை மட்டும் வியர்ப்பது, நிறம் மாறுவது இவை சேர்ந்து வந்தால் அது பயிற்சியின் வலி அல்ல, மருத்துவரிடம் போக வேண்டும்.

வாரம் ஒரு முறை உள்ளங்கையை மேசையில் கவிழ்த்து வைத்து, கட்டை விரலை மட்டும் மேலே தூக்கிப் பாருங்கள். ரேடியஸின் முதுகில் உள்ள சிறு மேட்டைச் சுற்றி வளைந்து போகும் தசைநாண் அதைத் தூக்குகிறது. முறிவுக்குச் சில வாரம் கழித்து அது அறுந்துபோவது உண்டு. எலும்பு விலகாத சாதாரண விரிசலிலும் நடக்கும். பெரிய வலி இருக்காது, ஒரு நாள் திடீரென்று கட்டை விரல் எழாது. வேறு தசைநாணை மாற்றித் தைத்துச் சரிசெய்ய முடியும், அதனால் பார்த்ததும் சொல்லுங்கள்.

இளைஞர்களுக்கு ஒரு குறிப்பு. கட்டை விரலை விரித்தால் அதன் அடியில் மணிக்கட்டோரம் ஒரு குழி விழும். விழுந்த பிறகு அந்தக் குழியில் அழுத்தினால் வலித்தால், எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் சுளுக்கு என்று விட்டுவிடாதீர்கள். ஸ்கேபாய்டு எனும் படகு வடிவச் சிறு எலும்பில் விரிசல் முதல் நாள் படத்தில் தெரியாமல் போகும். கட்டோடு இருந்து 10 முதல் 14 நாளில் மறுபடி எடுக்க வேண்டும். அந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனையிலிருந்து நுழைகிறது. நடுவில் உடைந்தால் மறுபாதி ரத்தமின்றிச் சாகலாம்.

பாரம் தூக்குவதை அவசரப்படுத்த வேண்டாம். எலும்பு ஒட்டியது என்று மருத்துவர் சொன்ன பிறகு கால் லிட்டர் தண்ணீர் பாட்டிலில் தொடங்கி, வலியில்லாமல் 15 தடவை முடிந்தால் அரை லிட்டருக்குப் போகலாம். நிறைகுடத்துக்கும் கேஸ் சிலிண்டருக்கும் முறிவிலிருந்து மூன்று மாதமாவது ஆகட்டும். துணி பிழிவதற்கும் அப்படித்தான். கட்டை விரல் நுனியில் ஒரு கிலோ அழுத்தம் கொடுத்தால் அதன் அடியில் உள்ள சேண மூட்டில் பன்னிரண்டு கிலோ அளவுக்கு இறங்குகிறது. அங்கே ஏற்கெனவே தேய்மானம் உள்ள பெண்களுக்கு ஜாடி மூடி திருகுவதே போதும், வலி கிளம்பிவிடும். மூடியைத் துணி சுற்றி முழு உள்ளங்கையால் பிடித்துத் திருகட்டும்.

முன்னேற்றத்தை அளக்கச் சோற்றுத் தட்டே போதும். சோற்றை அள்ளும்போது உள்ளங்கை தரை பார்த்திருக்கிறது. நான்கு விரலும் அடிமூட்டில் மடங்கிக் குவிகின்றன. வாய்க்குப் போகும் வழியில் முழங்கை 130 டிகிரியை நெருங்க, முன்கை சுழன்று உள்ளங்கை முகத்தைப் பார்க்கிறது. கடைசியில் கட்டை விரல் பின்னாலிருந்து தள்ளுகிறது. பருக்கை விரலிடுக்கில் உதிர்ந்தால் அடிமூட்டு இன்னும் மடங்கவில்லை. தலை தட்டை நோக்கிக் குனிந்தால் முழங்கையிலோ முன்கைச் சுழற்சியிலோ குறை. ஸ்பூனுக்கு மாறினால் இந்தக் குறைகள் எல்லாம் மறைந்துவிடும், அதனால் வலது கை முறிந்தவர்கள் கட்டுப் பிரித்த வாரமே கையால் சாப்பிடத் தொடங்குவது நல்லது.

மோதிரம் எப்போது போடலாம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நடு மூட்டில் அடிபட்டிருந்தால் அதன் தடிப்பு வடிய ஓர் ஆண்டுகூட ஆகும், சிலருக்கு ஒரு சுற்றுப் பெருத்தே நின்றுவிடும். மணிக்கட்டு மட்டும் என்றால் சில மாதங்கள். இரவில் படுக்கும்போதும் காலையில் எழுந்ததும் விரலின் சுற்றளவை நூலால் அளந்து பாருங்கள். தொடர்ந்து இரண்டு வாரம் இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் போட்டுக்கொள்ளலாம். கழற்ற முடிகிறதா என்று அன்றிரவே ஒரு முறை கழற்றிப் பார்த்துவிடுங்கள்.